ஒரு பந்துகூடக் காட்டுக்குள் போகவில்லை

போன் அலறியபோது அவள் கையில் ஊசி இருந்தது.

மடியில் கணவரின் பேன்ட். வலது பாக்கெட்டில் ஓட்டை. போன வாரம்தான் தைத்தாள்... மறுபடியும் கிழிந்திருந்தது. ஓர் எலும்பு டாக்டர் பாக்கெட்டில் அப்படி என்னதான் போட்டுக்கொள்வார்? சுத்தியலா?

போதாக்குறைக்கு முழங்கால் வரை ஒட்டுமுள். கோல்ஃப் ஆடிவிட்டு வரும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதே கதைதான். டாக்டர் அடிக்கும் பந்துக்கும் புல்தரைக்கும் ஏழாம் பொருத்தம். பந்து மரங்களுக்கு நடுவே போய் ஒளிந்துகொள்ளும். பின்னாலேயே டாக்டர் போவார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லித்தரும் டீச்சரான அவள், வீட்டில் உட்கார்ந்து முள் பொறுக்குவாள்.

போனை எடுத்தாள்.

"அக்கா..."

தம்பி. அதே கோல்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரிப்பவன். குரல் நடுங்கியது.

"என்னடா... என்ன ஆச்சு?"

"கிளப் செக்ரட்டரியைக் கொன்னுட்டாங்கக்கா. பம்ப் ரூம் பக்கத்துல, குளத்துல குப்புறக் கிடந்தாரு. மண்டையில அடி. அடிச்சது என்னோட ஸ்பேனரால... போலீஸ் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க."

ஊசி விரலில் ஏறியது.

"நீ ஒண்ணும் பண்ணலல்ல?"

"உன் மேல சத்தியமா இல்லக்கா."

அம்மா போனபிறகு அவனுக்கு அம்மாவாக இருந்தவள் அவள்தான். அவன் பொய் சொன்னால் மூச்சுச் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

இது பொய் இல்லை.

குளியலறைக் கதவு திறந்தது. டாக்டர் துண்டும் கையுமாக வெளியே வந்தார்.

"யாரு போன்ல?"

சொன்னாள். டாக்டர் தலை துவட்டுவதை நிறுத்தவில்லை.

"உன் தம்பிக்குக் கோபம் ஜாஸ்தி. நேத்து செக்ரட்டரி அவனை எல்லார் முன்னாடியும் திட்டினாரு. கிளப்பே பார்த்துச்சு."

"வாங்க, ஸ்டேஷனுக்குப் போலாம்."

"நான் எதுக்கு?"

"அவன் உங்க மச்சான்ங்க."

டாக்டரின் முகம் சுருங்கியது. அந்த உறவை அவர் கிளப்பில் யாரிடமும் சொன்னதில்லை. புல் வெட்டுகிறவனை மச்சான் என்று சொன்னால் கௌரவம் என்னாவது?

*

இன்ஸ்பெக்டர் இருமல் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளினார்.

"டாக்டர்... நீங்களே வந்தது நல்லதாப் போச்சு. காலையில அந்த மைதானத்துல இருந்தது மூணே பேரு. செக்ரட்டரி, இவன், நீங்க. செத்தவரை விசாரிக்க முடியாது. மிச்சம் ரெண்டு பேரு."

பெஞ்சில் தம்பி. சட்டை கசங்கி, கண் சிவந்து, கைகளைத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்தான். கான்ஸ்டபிள் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.



டாக்டர் தன் செல்போனை மேஜையில் வைத்தார்.

"என்னைப் பத்திக் கவலை வேண்டாம் இன்ஸ்பெக்டர். நான் எங்க இருந்தேன்னு இது சொல்லும்."

"போன் சொல்லுமா?"

"கோல்ஃப் ஆடறவங்களுக்குன்னு ஒரு ஆப் இருக்கு. பந்து விழ வேண்டிய குழியில ஒரு கொடி நட்டிருக்கும். நான் நிக்கற இடத்துல இருந்து அந்தக் கொடி எவ்ளோ தூரம்னு சாட்டிலைட்டை வச்சு சொல்லிடும். அதுக்கேத்த மட்டையை எடுத்து அடிக்கலாம். நடந்த வழி முழுக்க நேரத்தோட கோடு போட்டு வச்சுக்கும். பாருங்க."

இன்ஸ்பெக்டர் பார்த்தார். பச்சைத் திரையில் மஞ்சள் கோடு. விடிந்ததிலிருந்து குழி குழியாக ஊர்ந்திருந்தது. குளத்துப் பக்கமே போகவில்லை!

"பிரமாதம். எனக்கு இப்படி ஒண்ணு இருந்தா என் வீட்டுக்காரி சந்தேகமே படமாட்டா." தம்பி பக்கம் திரும்பினார். "இப்ப நீ சொல்லு. விடிஞ்சதுல இருந்து என்ன பண்ணினே?"

"குழி மாத்தினேன் சார்."

"என்னது?"

"ஒரே இடத்துல குழி இருந்தா சுத்தி இருக்கற புல் செத்துடும் சார். அதனால தினமும் காலையில வண்டியை எடுத்துட்டு ஒவ்வொரு குழியாப் போவேன். புதுசா ஒரு குழி வெட்டி, அந்த மண்ணால பழசை மூடி, கொடியை மாத்தி நட்டுட்டு அடுத்ததுக்குப் போவேன்."

"ஆறரை மணிக்கு எங்க இருந்தே?"

"மூணாவது குழியில சார்."

இன்ஸ்பெக்டர் போனைப் பார்த்தார். "டாக்டரும் அங்கதான் இருந்திருக்கார். டாக்டர், இவனைப் பார்த்தீங்களா?"

"இல்லையே."

"ஏழு மணிக்கு?"

"அஞ்சாவதுல சார்..."

"டாக்டரும் அஞ்சாவது! இவனைப் பார்த்தீங்களா?"

டாக்டர் வருத்தமாகத் தலையாட்டினார். "பார்த்திருந்தா சந்தோஷமா சொல்லியிருப்பேன். என்ன இருந்தாலும் மனைவியோட தம்பி."

இன்ஸ்பெக்டர் மிட்டாயைக் கடித்தார்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒரே இடத்துல இருந்திருக்கீங்க. ஆனா ஒருத்தரை ஒருத்தர் பார்க்கல. அப்ப யாரோ ஒருத்தர் அங்க இல்ல. டாக்டருக்கு சாட்டிலைட் சாட்சி. உனக்கு யாருடா சாட்சி?"

தம்பி தலை குனிந்தான்.

"மாமா பொய் சொல்லமாட்டாரு சார். நான்தான் எதையோ கவனிக்காம விட்டுட்டேன் போல..."

"உளறாதடா!" என்றாள் அக்கா.

"இல்லக்கா. காலையில ஷெட்டுக்கு வந்து, அவர் கையால பிளாஸ்க்ல இருந்து எனக்குக் காபி ஊத்திக் கொடுத்தாரு. இத்தனை வருஷத்துல முதல் தடவை. வேலை முடிஞ்சு வண்டியை நிறுத்த வந்தப்பவும் ஷெட்ல நின்னுட்டு இருந்தாரு. அவரு போய் எனக்கு எதிரா..."

அவள் நிமிர்ந்தாள்.

ஷெட்டுக்கா? மச்சான் என்று வாய் திறந்து சொல்லக் கூசும் மனிதர்... காபியோடு ஷெட்டுக்கா?

கணவரைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய்... நேத்து செக்ரட்டரி எதுக்கு உன்னைத் திட்டினாரு?"

"புல் காய்ஞ்சிருக்குன்னுதான்கா. அப்புறம் அவரே கூப்பிட்டு சமாதானமாப் பேசினாரு. நிஜத்துல அவருக்கு வேற ஒருத்தர் மேல கோபம். பந்து காட்டுல தொலைஞ்சா, பாக்கெட் ஓட்டை வழியா வேற பந்தைக் கால்கிட்ட நழுவ விட்டுட்டு, 'கிடைச்சிடுச்சு'ன்னு ஆடறாராம் ஒரு மெம்பர். இந்த வருஷக் கப்பையே அப்படித்தான் ஜெயிச்சாராம். பேரைச் சொல்லல. இன்னிக்கு சாயங்காலம் எல்லாரையும் கூட்டி வச்சு பேரைச் சொல்லி, கப்பைப் பிடுங்கப் போறேன்னாரு."

டாக்டர் இருமினார்.

அவளுக்கு ஊசி குத்திய விரல் விண் விண்ணென்று தெறித்தது.

வலது பாக்கெட். தைக்கத் தைக்கக் கிழிந்த பாக்கெட். கிழியவில்லை... கிழிக்கப்பட்டது! வீட்டு ஹாலில், கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில், தினமும் அவள் துடைத்து வைக்கும் அந்த வெள்ளிக் கப்.

பயமாக இருந்தது அவளுக்கு. இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்த மனிதரைப் பார்த்து முதல்முறையாகப் பயந்தாள். வாயைத் திறந்தால் புருஷன் போய்விடுவார். மூடிக்கொண்டால் தம்பி போய்விடுவான்.

தம்பி இன்னமும் மாமாவை நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"சார்... அந்தப் போனை நான் பார்க்கலாமா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது" என்றார் டாக்டர் அவசரமாக.

"மேப்தானேங்க. அதைத்தானே தினமும் சொல்லிக் கொடுக்கறேன்."

இன்ஸ்பெக்டர் போனை அவள் பக்கம் தள்ளினார். மஞ்சள் கோட்டை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். ஆரம்பம், நேர்கோடு, கொடி. அடுத்த ஆரம்பம், நேர்கோடு, கொடி. அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் இருந்தது. கோட்டின் ஓரத்தில், ஒவ்வொரு குழிக்கும் டாக்டர் கையால் பதிந்திருந்த ஸ்கோர்.

அவள் போனை இன்ஸ்பெக்டர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"சார், என் வீட்டுக்காரர் பந்து அடிச்சா அது நேராப் போகாது. இடது பக்கக் காடு, இல்லேன்னா வலது பக்கக் காடு. பந்து போற இடத்துக்குத்தானே ஆளும் போகணும்? இந்தக் கோட்டுல ஒரு நெளிவு கூட இல்ல. இது பந்து பின்னாடி நடந்த கோடு இல்ல."

"இன்னிக்கு ஃபார்ம்ல இருந்தேன்!"

"காட்டுப் பக்கமே போகலையாங்க?"

"போகல!"

"அப்ப பேன்ட்ல ஒட்டுமுள் எப்படி வந்தது? காலையில நீங்க கழட்டிப் போட்டதைத்தான் கையில வச்சுட்டு இருந்தேன்."

டாக்டர் சட்டென்று குனிந்து, மாற்றிப் போட்டிருந்த பேன்டைப் பார்த்தார்.

"அது மட்டும் இல்ல சார். ஒவ்வொரு கொடிகிட்டயும் கோடு ரெண்டு இடத்துல நின்னு நின்னு போகுது. புதுக் குழியை வெட்டறதுக்கு ஒண்ணு. பழசை மூடறதுக்கு ஒண்ணு. கடைசியா கோடு முடியற இடம் ஷெட்."

இன்ஸ்பெக்டர் மிட்டாய் மெல்லுவதையே மறந்தார்.

"என் போன் பூரா நேரமும் என் பாக்கெட்லதான் இருந்தது!" என்று கத்தினார் டாக்டர்.

"எந்தப் பாக்கெட்லங்க? ஓட்டை இருக்கே... அதுலயா?"



இன்ஸ்பெக்டர் போனை எடுத்தார். மேலுறையை நகத்தால் நெம்பிக் கழற்றி மேஜைமேல் தட்டினார்.

பொலபொலவென்று மணல்!

"இது ஏது டாக்டர்?"

"மைதானத்துல அங்கங்க மணல் பள்ளம் இருக்கும். பந்து அதுல விழுந்தா இறங்கித்தான் அடிக்கணும். மணல் ஒட்டத்தான் செய்யும்."

"அப்படியா? பந்து மணல்ல விழுந்தது எத்தனை தடவைன்னு உங்க ஆப் ஒரு கட்டம் வச்சிருக்கே. எல்லாத்துலயும் முட்டை போட்டிருக்கீங்களே?"

டாக்டரின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

"மறந்துட்டேன்..."

தம்பி எட்டிப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது.

"சார்... பள்ளத்து மணல் வெள்ளையா இருக்கும். இது பச்சை. மூடின குழி வெளியே தெரியக் கூடாதுன்னு நான் மேல தூவறது. சாயம் கலந்து என் வண்டிப் பெட்டியிலதான் வச்சிருப்பேன்." மாமாவைப் பார்த்தான். "என் பெட்டிக்குள்ள உங்க போன் எதுக்கு மாமா வந்தது?"



இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தார்.

"காபி கொடுக்கற சாக்குல வண்டிப் பெட்டிக்குள்ள போனைச் சொருகியாச்சு. மச்சான் ஊர் சுத்தினான், போனும் கூடவே சுத்துச்சு. நீங்க காட்டுக்குள்ள புகுந்து பம்ப் ரூமுக்குப் போயிட்டீங்க. அப்ப இது உங்க கோடு இல்ல டாக்டர்... இவன் கோடு. தம்பி, உனக்கு சாட்சி கேட்டேன்ல? உங்க மாமாவே சாட்டிலைட் வச்சு ஏற்பாடு பண்ணியிருக்காருப்பா!"

டாக்டர் நாற்காலியில் சரிந்தார்.

"கெஞ்சினேன்... கப்பைத் திருப்பித் தந்துடறேன், பேரை மட்டும் சொல்லாதேன்னு கெஞ்சினேன். கேக்கல. நாளைக்கு ஊர்ல நான் எப்படித் தலை நிமிர்ந்து நடக்கிறது?"

"கெஞ்சத்தான் போனீங்கன்னா போனை எதுக்குங்க ஒளிச்சு வச்சீங்க?" அவள் கேட்டாள். "அவன் ஸ்பேனர்னு தெரிஞ்சுதானே எடுத்தீங்க? காபியும் ஊத்திக் கொடுத்துட்டு..."

தம்பி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். இந்தமுறை கான்ஸ்டபிள் அவனை உட்கார வைக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் ஸ்கோரைப் புரட்டினார்.

"ஒண்ணு மட்டும் புரியல டாக்டர். இதெல்லாம் நீங்க கையால போட்டதுதானே? நாலு பந்து மணல்ல விழுந்ததா போட்டிருந்தா, இந்த மணலுக்கு நான் தலையாட்டியிருப்பேனே. ஏன் போடல?"

டாக்டர் தரையைப் பார்த்தபடி முனகினார்.

"ஸ்கோரைக் கெடுத்துக்க மனசு வரல..."

கான்ஸ்டபிள் அவர் கையைப் பிடித்து எழுப்பினார். வாசல்வரை போனவர் சட்டென்று நின்றார். மனைவியை ஏதோ கேட்கப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் திரும்பியது இன்ஸ்பெக்டர் பக்கம்.

"கொலையைப் பத்தி எழுதிக்குங்க... அந்த ஸ்கோர் பொய்ங்கறது மட்டும் கிளப்புக்குத் தெரியாம பார்த்துக்க முடியுமா?"

இன்ஸ்பெக்டர் புது மிட்டாய் ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"விடுங்க டாக்டர். நீங்க போற இடத்துல நாலு பக்கமும் சுவர்தான். இனிமே நீங்க அடிக்கிற ஒரு பந்துகூடக் காட்டுக்குள்ள போகாது!"