வீட்டில் யாருமில்லை

"அடுப்ப அணைச்சிடு. வூட்ல யாருமில்லாதப்போ எதுக்கு வெறவ எரிக்கணும்?"

மீன்கூடையைத் தலையில் ஏற்றியவாறே கஸ்தூரியம்மாள் சொன்னாள். மருமகள் அங்கம்மா அடுப்பின்முன் குனிந்தாள். எரிந்துகொண்டிருந்த பனைமட்டையை அடுப்பிலிருந்து இழுத்து மணலில் புரட்டினாள். கஞ்சி இன்னும் கொதி காணவில்லை. மாமியார் பழையது குடித்தாயிற்று. கணவன் தேசப்பன் கட்டுமரத்தோடு கடலுக்குப் போய் இரண்டு நாள்கள் ஆயின. மிச்சமிருப்பவள் மருமகள் ஒருத்தி என்பது கஸ்தூரியம்மாளுக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், அது அங்கம்மாவுக்கும் தோன்றவில்லை.

"ஆம்பள எவனாச்சும் வந்து கூப்ட்டா?"

"யாருமில்லன்னு சொல்லிடறேன் அத்தே."

"ம்… ஏரிக்காரி வாயத் தொறந்து கத பேசிக்கினு நிக்காதே."

ஏரிக்காரி. பன்னிரண்டு ஆண்டுகளாக அவளுக்கு அந்த வீட்டில் அதுதான் பெயர். பழவேற்காட்டு ஏரியின் உள்கரையில் இறால் பிடிப்பவரின் மகள் அவள். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டில் வாழ்ந்து, அலையை வெட்டிக் கடலுக்குப் போகும் இந்தக் குப்பத்தாருக்கு, முழங்கால் தண்ணீரில் நின்று மீன் பிடிப்பவர்கள் மீனவர்களே அல்லர். புதுப்பெண்ணாக வந்த அன்று, பழக்க தோஷத்தால் தோணிக்கோலைக் கையில் எடுத்தாள். கரையே சிரித்தது. மாமியார் கோலைப் பிடுங்கி எறிந்தாள். அதன்பின் அவள் கோலைத் தொட்டதில்லை. நாள்தோறும் தாழ்த்திச் சொல்லப்படும் சொல்லுக்கு முதலில் செவி பழகும். பின்பு நாக்குப் பழகும். கடைசியில் மனம் அதையே தன் பெயராக ஏற்றுக்கொண்டுவிடும்.

வெயில் ஏறிய வேளையில், அவள் கருவாடு புரட்டிக்கொண்டிருக்கும்போது, படலுக்கு வெளியே ஓர் ஆண்குரல் கேட்டது.

"வூட்ல யாரு?"

முக்காட்டை இழுத்துக்கொண்டு, திரும்பாமலே சொன்னாள்.

"யாருமில்லீங்க."

"இந்த வூட்டு அம்மா?"

"போயிட்டாங்க."

"பெரிய மவன்… தேசப்பன்?"

"அவரும் போயிட்டாரு. கடலுக்கு."

படலை யாரோ இறுகப் பற்றும் ஓசை கேட்டது. பிறகு அந்தக் குரல் கம்மிப்போய்க் கேட்டது.

"நீ யாரும்மா?"

"நானா… நான் யாருமில்லீங்க."

காலடிகள் மணலில் மெல்ல நடந்து மறைந்தன. அவள் மீண்டும் கருவாட்டின் பக்கம் குனிந்தாள்.

உச்சிப்பொழுதில் கஸ்தூரியம்மாள் வெறுங்கையோடு ஓடிவந்தாள். கூடை எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. பின்னாலேயே அண்டை வீட்டு இந்திராணி மூச்சிரைக்க வந்தாள்.

"பாவி… என் புள்ளைய இன்னாடி சொல்லித் தொரத்துனே?"

அங்கம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்திராணிதான் சொன்னாள். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் டச்சுக்காரர்களான ஒல்லாந்தரின் கப்பலேறிக் கடலுக்கு அப்பால் பத்தாவித் துறைமுகத்துக்குப் போன இளைய மகன் சுப்பன் இன்று கரை இறங்கியிருக்கிறான். அவன் போன மறுவருடந்தான் அங்கம்மா இவ்வீட்டுக்கு வந்தாள். ஆதலால் ஒருவரை ஒருவர் அறியார்.

"கோட்டத் தொறையில உக்காந்து தலையில அடிச்சிக்கினு அழுவறானாம்க்கா. போன ஐப்பசிப் புயல்ல நம்ம குப்பம் போச்சுன்னு அங்கியே கேள்விப்பட்டானாம். வந்து பாத்தா, அம்மாவும் போயிட்டாங்க, அண்ணனும் கடலோட போயிட்டாருன்னு எவளோ ஒருத்தி சொன்னாளாம். அங்கேருந்து வந்தவங்க இக்கரைச் சந்தையில பேசிக்கினாங்க. சாயங்காலக் காத்து எழும்புனா கப்பலுக்குப் படகு போயிடுமாம்."

"உசுரோட கீறவள சாவடிச்சிட்டியேடி… பதிமூணு வருஷமா அவன் வர்ற வழிய பாத்துக்கினு கெடந்தேனே… உன் வாயில வேற வார்த்தையே வராதா?"

அங்கம்மா தலைநிமிர்ந்தாள். அவள் கண்கள் நிரம்பியிருந்தன. குரல் மட்டும் நடுங்கவில்லை.

"வராது அத்தே. இந்த வூட்ல எனக்கு நீங்க சொல்லிக் குடுத்தது அந்த ஒரு வார்த்ததான்."

 அவ்வாறு ஒரு பதில் அந்த வீட்டில் இதுவரை ஒலித்ததில்லை.

ஆண்கள் யாவரும் கடலில் இருந்தனர். ஓடக்காரன் கோட்டை இருக்கும் அக்கரைக்குத் திரும்பிவிட்டான். கொல்லையில் குப்புறக் கிடந்தது ஒரு பழைய தோணி. அங்கம்மா அதைப் புரட்டினாள். இந்திராணியும் கைகொடுக்க, ஏரிக்குள் தள்ளினாள். கோலைக் கையில் எடுத்தாள். எங்கிருந்தும் சிரிப்பொலி எழவில்லை.

"ஏறுங்க அத்தே."

மாமியார் ஏறி உட்கார்ந்தாள். கோல் சேற்றில் ஊன்றியது, எழுந்தது, மீண்டும் ஊன்றியது. பன்னிரண்டு ஆண்டுகள் கைகள் மறந்திருந்ததை முதுகெலும்பு மறக்கவில்லை.

"நேரா போ… கோட்ட தெரியுது பாரு. ஏன் சுத்தறே?"

"நேரா போனா சேத்துல மாட்டிக்குவோம். அங்க தண்ணி நெறம் பாருங்க. பேசாம உக்காருங்க அத்தே."

கஸ்தூரியம்மாள் பேசாமல் உட்கார்ந்தாள்.

துறையில் காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. கப்பல் ஆட்கள் படகில் ஏறிக்கொண்டிருந்தனர். கோட்டைச் சேவகன் ஒருவன் குறுக்கே தடியை நீட்டினான்.

"ஏ, யாரு நீங்க? பொம்பளைங்க வர்ற எடமா இது?"

கஸ்தூரியம்மாள் அவன் தோளுக்கு மேலே படகை எட்டிப் பார்த்தாள். சேவகன் அங்கம்மாவைப் பார்த்தான்.

"யாருன்னு கேக்கறேன்ல?"

பழகிய அந்தச் சொல் நாக்கின் நுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"நான் அங்கம்மா. தேசப்பன் பொஞ்சாதி. அந்தப் படகுல ஏறப்போற சுப்பனுக்கு அண்ணி. அவனப் பெத்தவங்க இவங்க. காலைல யாருமில்லன்னு சொன்னவளும் நான்தான். வழிய வுடு."

உரத்துச் சொன்ன அந்தக் குரலைக் கேட்டு, படகின் விளிம்பில் ஒருவன் திரும்பினான். நரை தட்டிய தாடி, வெயிலில் கருகிய முகம். அடுத்த கணம் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"அம்மா…"

கஸ்தூரியம்மாள் அவனைக் கட்டிக்கொண்டாள். முகத்தைத் தடவினாள், காதைத் தொட்டுப் பார்த்தாள், சிறுவயதுத் தழும்பைத் தேடினாள். 

"இரு நைனா… போவாதே."

"கப்பல் வேலைக்குக் கைச்சாத்து வெச்சிட்டேன்மா. இன்னும் நாலு வருஷம். காலைலயே தெரிஞ்சிருந்தா ஒரு பகலு பூரா உன் மடியில கெடந்திருப்பேன்."

மேலாள் ஒருவன் படகிலிருந்து அதட்டினான். சுப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கம்மாவைப் பார்த்தான்.

"நீங்கதான் அண்ணியா… ஒண்ட எடமில்லாம காலி வூட்ல தங்கிக்கினு கீற அனாதன்னு நெனச்சிட்டேன் அண்ணி. மன்னிச்சிக்குங்க."

அவன் படகு அலைகளைத் தாண்டி, ஒரு புள்ளியாகி, கப்பலின் நிழலில் மறைந்தது. இரு பெண்களும் பார்த்துக்கொண்டே நின்றனர்.

திரும்பும் வழியில் கஸ்தூரியம்மாள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி ஏரி கடந்தபின் மெதுவாகக் கேட்டாள்.

"கை வலிக்குதா அங்கம்மா?"

கோல் ஒரு கணம் நின்றது. உள்ளங்கைகளில் கொப்புளம் உடைந்து ரத்தம் கசிந்திருந்தது.

"இல்ல அத்தே."

"பெத்த புள்ள என் மருமவள அனாதன்றான்… அவன் மேல தப்பில்ல. நான் வெச்ச பேருதானே அது." கஸ்தூரியம்மாள் தன் முந்தானையைக் கிழித்து, அங்கம்மாவின் கையை இழுத்துச் சுற்றினாள். சுற்றியபின்னும் அந்தக் கையை விடாமல், அதில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். ஒற்றைக் கையால் கோலைப் பிடித்தவாறு அங்கம்மாவும் அழுதாள். தோணி தானாகச் சற்றுத் தூரம் மிதந்து போயிற்று.

மறுநாள் காலையிலும் தேசப்பன் திரும்பவில்லை. கஸ்தூரியம்மாள் புதுக்கூடையைத் தலையில் ஏற்றினாள். அங்கம்மா வழக்கம்போல அடுப்பின்முன் குனிந்து மட்டையை இழுக்கக் கை நீட்டினாள்.

"இருக்கட்டும், எரியட்டும்," என்றாள் மாமியார், திரும்பிப் பாராமலே. "வூட்ல நீ கீறேல்ல."

படல் சாத்தும் ஓசை கேட்டது. குப்பம் வெறிச்சோடிக் கிடந்தது. கடலின் இரைச்சலைத் தவிர வேறு ஒலி இல்லை. தனியே அமர்ந்து அவள் கஞ்சி கொதிப்பதையே பார்த்திருந்தாள். பின்பு சட்டியில் ஊற்றினாள். பன்னிரண்டு ஆண்டுகளாக ஆறிய மிச்சத்தையே குடித்தவளுக்கு, தனக்கென்று மட்டும் கொதித்த கஞ்சியை ஆறவிட்டுக் குடிக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கவில்லை. முதல் வாயிலேயே நாக்கு சுட்டது.