லாபத்தில் ஒரு சாவு!

டிரிங்... டிரிங்...

விழுப்புரம். 1961. காலை மணி ஒன்பதரை.

தென்பெண்ணை வட்டாரப் பொது ஊழியர் ஓய்வூதிய நிதியின் செயலாளர் தேவநாதன் ரிசீவரை எடுத்தார்.

"ஹலோ... யாரு?"

"அஞ்சம்மா பேசறேன்."

"எந்த அஞ்சம்மா?"

"போன மாசி மாசம் செத்துப்போயிட்டேன்னு எழுதி வச்சிக்கினு கீறீங்களே... அந்த அஞ்சம்மா!"

தேவநாதன் நிமிர்ந்து எதிரே பார்த்தார்.

எதிர் நாற்காலியில் வெங்கடாசலம் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற ஊழியர்களின் தலைவர். பண்டு பணத்தைச் சர்க்கார் பத்திரங்களில் போட்டு, வருகிற லாபத்தை ஊழியர்களுக்கே பங்கு பிரிக்க வேண்டும் என்று சண்டை போட்டு ஜெயித்தவர். இன்று நாலு மணிக்குக் கூட்டம். பங்கு கொடுக்கும் நாள்.

"திண்டிவனத்துலருந்தா பேசறீங்க?... பதினொரு மணிக்கு வர்ற பஸ்ஸா?... தனியாவா?... சரி, வாங்க."

ரிசீவரை வைத்தார்.

"யாருங்க?" என்றார் வெங்கடாசலம்.

"திண்டிவனத்துல பிரசவ ஆயாவா இருந்த அம்மா. உயிரோடதான் இருக்கேன்னு நேர்ல காட்ட வர்றாங்களாம்!"

டம்ளர் மேசையில் 'டொக்'கென்று உட்கார்ந்தது.

"வரட்டும்... வரட்டும். எந்தப் படுபாவி சாகடிச்சான்னு நானே விசாரிக்கறேன்!" வெங்கடாசலம் துண்டை உதறி எழுந்தார். "சின்ன ஜோலி ஒண்ணு கீது. கூட்டத்துக்கு வந்துடறேன்."

போய்விட்டார்.

தேவநாதன் உட்கார்ந்தார். எழுந்தார். ஜன்னலுக்குப் போனார். மறுபடி உட்கார்ந்தார்.

'அந்தம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா...?'

மணி பதினொன்று. பஸ் ஸ்டாண்ட்.

அஞ்சம்மாள் பையோடு இறங்கினாள். அறுபது வயது. நெடுநெடுவென்ற உருவம்.

"அம்மா, நீங்கதான் அஞ்சம்மாங்களா?" காக்கி அரைக்கால் சட்டை போட்ட ஒருவன் கும்பிட்டான். "ஆபீஸ்ல அனுப்பினாங்க. ஜட்கா ரெடியா கீது."

"நீ யாருப்பா?"

"சுப்பராயலுங்க. கெடார்ல பியூனா இருந்து ரிட்டயர் ஆனவன். நானும் நம்ம பண்டுதான். பயப்படாம ஏறுங்க."

சுப்பராயலு!

அந்தப் பெயரைக் கேட்டதும் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஆனாலும் ஏறினாள்.

பின்னால் இரண்டு சைக்கிள்கள் கிளம்பின. மப்டியில் இரண்டு கான்ஸ்டபிள்கள்! ஆம்... அந்தப் போன் திண்டிவனம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்தது. அஞ்சம்மாளின் சம்மதத்தோடு இன்ஸ்பெக்டர் மாசிலாமணியும் தேவநாதனும் சேர்ந்து விரித்த வலை. உயிரோடு இருப்பவர்களைச் செத்ததாக எழுதிப் பணம் சுருட்டுவது தலைவர்தான் என்று சந்தேகம் இருந்தது. சாட்சிதான் இல்லை.

ஜட்கா தண்டவாளத்தைத் தாண்டியது.

டடக்! ரயில்வே கேட் விழுந்தது!

சைக்கிள்கள் இந்தப் பக்கம். ஜட்கா அந்தப் பக்கம். நடுவில் நாற்பது பெட்டி கூட்ஸ் வண்டி... ஆமை வேகத்தில்!

கோலியனூர் சாலை. ஜட்கா வேர்க்கடலை விளைந்து நின்ற மல்லாட்டைக் கொல்லைக்குள் திரும்பி, பாழுங்கிணறு ஒன்றின் பக்கத்தில் நின்றது.

"எறங்கு."

அவன் கையில் கயிறு!

அஞ்சம்மாள் இறங்கினாள். பின்னால் பார்த்தாள். சாலையில் ஒரு ஈ, காக்கை இல்லை.

"யாரு அனுப்பினது? தலைவரா?"

"உனக்கு எதுக்கு அதெல்லாம்? நூறு ரூபாய்க்கு வேலை. பேஜாரு பண்ணாத!"

"சரி. சாவறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கறேன். உன் பென்ஷன் பணம் மணியார்டர்ல வருதா?"

"இல்ல... தலைவர் அண்ணன் கையாலதான் குடுக்கறாரு. மாசம் பத்து ரூபா."

"அடப் பைத்தியக்காரா! செத்தவனுக்கு மணியார்டர் எப்படிடா வரும்?"

"இன்னாது?"

"ஆபீஸ்ல செத்தவங்க லிஸ்ட்டு ஒண்ணு கீது. ஏழு பேரு. இன்ஸ்பெக்டர் காட்னாரு. ஆறாவது பேரு நானு. ஏழாவது பேரு... கெடார் பியூன் சுப்பராயலு!"

கயிறோடு நெருங்கியவன் நின்றான்.

"பொய்!"

"போன ஐப்பசியில காலரா வந்து செத்தியாம். உன் கணக்குல இருந்த மொத்தப் பணத்தையும் உன் புள்ளன்னு ஒருத்தன் கையெழுத்து போட்டு வாங்கிக்கினு போயிட்டான்."

"எனக்குப் புள்ளையே இல்லியே!"

"எனக்கும்தான் இல்ல. என்னை இந்தக் கெணத்துல தள்ளிடு. நாளைக்கு உன்னை எவன் தேடுவான்? செத்தவனைத் தள்ளினா கேக்கறதுக்கு நாதி ஏது?"

காற்றில் மல்லாட்டைச் செடிகள் சலசலத்தன.

சுப்பராயலுவின் முகம் கோணியது. கிணற்றை எட்டிப் பார்த்தான். கயிற்றைக் கிணற்றுக்குள் வீசினான்.

"ஏறும்மா... ஜல்தி ஏறு!"

மாலை நாலு மணி. கூட்டம் நிரம்பி வழிந்தது.

மேடையில் வெங்கடாசலம் தழுதழுத்தார்.

"லாபத்தைப் பிரிக்கறதுக்கு முன்னால, நம்மை விட்டுப் போன ஏழு பேருக்காக எல்லாரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம்."

எல்லோரும் எழுந்தார்கள். நிசப்தம்!

வாசலில் ஒரு குரல்.

"நானும் நிக்கணுங்களா தலைவரே?"

அஞ்சம்மாள்! அவள் பின்னால் சுப்பராயலு. அவன் தோளில் இன்ஸ்பெக்டர் மாசிலாமணியின் கை.

வெங்கடாசலத்தின் முகம் வெளிறியது. ஒரே வினாடி! உடனே சுதாரித்தார்.

"அந்தம்மா வந்தது சந்தோஷம். இந்த ஆள் யாரு?"

"அண்ணே! காத்தால நீதானே கொல்லச் சொல்லி அனுப்பின!"

"சார், இந்த ஆளை நான் பார்த்ததே இல்ல. இவன் யாருன்னே எனக்குத் தெரியாது!"

தேவநாதன் பைலைப் பிரித்தார். ஒரு தாளை உருவினார்.

"அப்படிங்களா? இது இவரோட மரணச் சான்று. 'மேற்படி சுப்பராயலுவை இருபது வருடமாக நேரில் அறிவேன். பிணத்தைக் கண்ணால் பார்த்தேன்.' கீழே சாட்சிக் கையெழுத்து... உங்களுதுதானே தலைவரே?"

வெங்கடாசலம் மேடையை விட்டு இறங்கப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் குறுக்கே வந்து நின்றார்.

க்ளிக்! விலங்கு விழுந்தது. கூட்டம் 'ஹோ'வென்று பொங்கியது.

இன்னொரு விலங்கு சுப்பராயலுவுக்கு. கொல்லத்தானே அழைத்துப் போனான்!

"ஐயா," அவன் தேவநாதனைக் கெஞ்சினான். "ஜெயிலுக்குப் போறேன், சரி. என் பேரை மட்டும் உசுரோட கீறதா திருத்தி எழுதிடுங்க. இந்த வருஷத்து லாபம் எனக்கு வருமா?"

"வரும்யா. மணியார்டர்ல, தவறாம வரும்," என்றார் தேவநாதன். "விலாசம் மட்டும்... கடலூர் ஜெயில்!"