எழுபது விழுக்காடு ஒரே மாதிரி

மார்ச் ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை. இறந்துபோன ஓர் இளைஞனைப் பற்றிய செய்தி எந்த நாளேட்டிலும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்ட அவனுடைய தாய்க்குப் பொறுப்பான பதில் எதையும் எவரும் சொல்லவில்லை. குறை இதுதான். இதைச் சின்னக் குறை என்று ஒதுக்கியவர்களால்தான் பின்னால் நடந்தவை நடந்தன.

அந்தத் தாய் அழைத்தபோது தொலைபேசியை எடுத்தவள் செய்தியோடைப் பிரிவின் பொறுப்பாளர். செய்தி முகமைகளின் கணினிகள் தாமாகவே எழுதி இடைவிடாமல் அனுப்பும் செய்திகளை வாங்கி, வகைப்படுத்தி, நாளேடுகளுக்கும் இணையத் தளங்களுக்கும் பிரித்து அனுப்புவது அந்த அலுவலகத்தின் தொழில். எழுதுவது கணினி, வாங்குவது கணினி, பக்கத்தில் ஏற்றுவதும் கணினி. இடையில் மனிதக் கண் என்று ஒன்று இருந்ததென்றால் அது அவளுடையதுதான். அந்தக் கண்ணுக்கும் சன்னலற்ற ஓர் உள்ளறையைத்தான் ஒதுக்கியிருந்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் சேவையகங்கள் இரைந்துகொண்டிருந்தன. குளிரூட்டி ஒழுகியதில் தரைவிரிப்பு நனைந்து, சூடேறிய தூசியின் வாடையோடு ஈரத்துணி வாடையும் கலந்து நின்றது. செய்தி ஒன்று வந்து சேரும்போதெல்லாம் அவள் மேசைக் கணினி ‘டிக்’ என்று மெல்லச் சொல்லும். அந்த ஓசை அவளுக்குப் பழக்கமானது. ஆனால் சில நாள்களாக அதற்கிடையே இன்னோர் ஓசையும் கேட்டது: யாரோ ஒரு மிடறு நீரை விழுங்குவதுபோல. அப்படி ஓர் ஒலியை அந்தக் கணினியில் எவரும் அமைத்திருக்கவில்லை.

தொலைபேசியில் பேசிய தாய் கத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை இருசக்கர வண்டியில் போன தன் மகன்மீது லாரி மோதியதையும், அதே நாளில் வேறொரு சாலையில் வேறொரு பையன் அதே விதமாக இறந்ததையும், அந்தப் பையனுடைய செய்தி எல்லா ஏடுகளிலும் வந்திருப்பதையும், தன் மகனுடைய செய்தி காலையில் ஓர் இணையத் தளத்தில் இருந்துவிட்டுப் பிறகு காணாமற்போனதையும் வரிசை பிசகாமல் சொன்னார். நேற்றுத் தன்னோடு சேர்ந்து அழுத அண்டை வீட்டார் இன்று காலையில் ‘இங்கே என்ன துக்கம்?’ என்று விசாரித்ததாகவும் சொன்னார். துயரத்தில் ஏதோ பேசுகிறார் என்றுதான் அவள் அதை எடுத்துக்கொண்டாள். கடைசியாக அவர் கேட்டார்:

“அந்தப் பையன் செத்தது வந்திருக்கு. என் பையன் செத்தது வரலை. அவன் சாகலையா, இல்ல பொறக்கவே இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கம்மா.”

ஏன் வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஒரே செய்தி நான்கு முகமைகளிலிருந்து நான்கு முறை வருகிறது என்று ஏட்டு நிறுவனங்கள் முணுமுணுத்ததால், சென்ற மாதம் மேலாளர் ஒரு விதியைப் புகுத்தியிருந்தார். இரண்டு செய்திகளின் வாசகம் எழுபது விழுக்காடு ஒத்திருந்தால் பின்னால் வந்தது நிற்கும், முன்னால் வந்தது நீங்கும். முன்னதை ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் ‘அகற்றுக’ என்ற கட்டளை போய்விடும். செய்தியை எழுதும் கணினிக்கோ விபத்து என்றால் ஒரே வார்ப்புதான். இளைஞர், லாரி, மோதி, உயிரிழந்தார். பேரையும் ஊரையும் மாற்றி நிரப்புகிறது. அப்படிப் பார்த்தால் இறந்தவர்கள் எல்லாரும் ஒருவரே.

எதற்கெடுத்தாலும் விழுக்காடு சொல்வதால் மேலாளருக்கு அலுவலகத்தில் ‘பர்சன்ட்’ என்று பெயர். அவர் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேனாவின் மூடியால் காது குடைந்தார்.

“புகார் நாற்பது பர்சன்ட் குறைஞ்சிருக்கும்மா. இப்பப் போய் விதியை மாத்தச் சொல்றியே.”

“செத்தது ரெண்டு பேர் சார்.”

“இருக்கட்டும். படிக்கிறவனுக்கு ஒரு தடவை செத்தாப் போதும்.”

புதன்கிழமை விடுப்பு வேண்டும் என்று அவள் முன்பே கேட்டிருந்ததும் அப்போதே மறுக்கப்பட்டது. ஒரு வயது இடைவெளியில் பிறந்த அவளுடைய இரு பெண்களும் அன்று பள்ளிகளுக்கிடையிலான நீச்சல் போட்டியில் இறங்குகிறார்கள். நீந்தப் போவது பிள்ளைகள்தானே, நீ எதற்கு என்று பர்சன்ட் கேட்டார். கேட்டுவிட்டுத் தாமே சிரித்துக்கொண்டார்.

அன்று மாலை, யாரிடமும் அனுமதி கேளாமல், இறந்த பையனின் செய்தியை அவள் தன் கையாலேயே தட்டச்சு செய்தாள். பெயர், வயது, தந்தை பெயர், தாய் பெயர். அனுப்பினாள். ‘டிக்.’ பையை எடுத்துத் தோளில் மாட்டித் திரும்பியபோது முதுகுக்குப் பின்னால் அந்த ஓசை கேட்டது. ஒரு மிடறு.

மறுநாள் அந்தத் தாயை அவளே அழைத்தாள். உங்கள் மகனுடைய செய்தியை மீண்டும் சேர்த்துவிட்டேன், நடந்ததற்கு மன்னியுங்கள் என்றாள். எதிர்முனையில் நேற்றைய அதே குரல், கோபத்தின் சுவடே இல்லாமல், மரியாதையாகப் பேசியது.

“நீங்க வேற யாருக்கோ போட்டிருக்கீங்கம்மா. எனக்குப் பையன் கிடையாது. ஒரே பொண்ணு.”

வைத்துவிடுவார் என்று நினைத்தபோது அந்தக் குரல் தணிந்தது.

“ஒண்ணு கேக்கட்டுமா? வீட்டுல கதவுக்குப் பின்னாடி ஒரு சட்டை தொங்குது. அவர் அளவு இல்லை. காலையிலேருந்து அதையே பாத்துக்கிட்டு நிக்கிறேன். யாருதுன்னே தெரியலை.”

தொலைபேசியை வைத்தாள். நேற்றுத் தான் அனுப்பிய செய்தியைத் தேடினாள். இல்லை. அதற்குப் பின்னால் இன்னொரு விபத்துச் செய்தி வந்திருக்கிறது; கணினி மறுபடியும் ஒப்பிட்டிருக்கிறது, முன்னதை மறுபடியும் நீக்கியிருக்கிறது. போகட்டும், பெயர் நினைவிருக்கிறதே, மீண்டும் எழுதலாம் என்று விசைப்பலகையில் கை வைத்தாள். விரல்கள் நின்றன. என்ன பெயர்? இதே விரல்களால் நேற்று அடித்த பெயர். முதலெழுத்தாவது? மூன்றெழுத்தா, நான்கெழுத்தா? கிணற்றுக்குள் கயிறு விட்டு இழுப்பதுபோல் இழுத்துப் பார்த்தாள். வாளியும் வரவில்லை, கயிறும் கனக்கவில்லை.

அடுத்த மேசைத் தொழில்நுட்பர் தலையை மழித்திருப்பதால் எல்லாருக்கும் ‘மொட்டை’. பர்சன்டுக்குத் தெரியாமல் அந்த விதியை நிறுத்திவிடு என்று அவள் அவனிடம் கெஞ்சினாள். வேலைக்கு உலை வைக்கிறாயே அக்கா என்று சலித்துக்கொண்டாலும், செய்துவிடுகிறேன் என்று அவன் ஒப்புக்கொண்டான்.

அன்றிரவு வீட்டில் போட்டிக்கான பைகள் தயாராயின. நீச்சல் கண்ணாடிக்காகப் பெண்கள் இருவரும் மல்லுக்கு நின்றார்கள்.

“அது என்னுது, குடுடி.”

“உன் பேர் எழுதியிருக்கா?”

“எழுதித்தான் இருக்கு. உனக்குப் படிக்கத் தெரியாதது யார் தப்பு?”

மூத்தவள் சொன்னதைக் கேட்டுக் கணவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். பெண்கள் இருவரும் உறங்கிய பிறகு, விளக்கை அணைக்காமல், இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

புதன்கிழமை பிற்பகல். வெளியே வெயிலா மழையா என்று அந்த அறைக்குத் தெரியாது. டிக், டிக் என்று செய்திகள் வந்துகொண்டிருந்தன: அங்காடி விலை, வானிலை, பள்ளி விளையாட்டு முடிவுகள். இடையே ஒரு மிடறு. சற்றுப் பொறுத்து இன்னொன்று. அவள் சட்டென்று மொட்டையைத் திரும்பிப் பார்த்தாள். அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மொட்டைத் தலை வியர்த்திருந்தது.

“நேத்தே நிறுத்திட்டேன்க்கா.”

“அப்புறம் எப்படி ஓடுது?”

“தெரியலை. நிறுத்தினேன். அது நிக்கலை.”

அப்போதுதான் திரையில் ஒரு வரி அவள் கண்ணில் பட்டது. பள்ளிகளுக்கிடையிலான நீச்சல் போட்டியில் இன்ன பள்ளி மாணவி இன்ன வயதுப் பிரிவில் முதலிடம் பெற்றார். அதற்குக் கீழே அதே வாசகம். வேறு பெயர், வேறு வயது. அதற்குக் கீழேயும் அதே. விளையாட்டுக்கும் ஒரே வார்ப்பு. அவளுடைய பெண்கள் இருவருக்கும் ஒரே பள்ளி. ஒரே தந்தை பெயர். ஒரே நாள், ஒரே குளம். எழுபது என்ன, தொண்ணூற்றைந்து விழுக்காடு ஒத்துப்போகும்.

கணவனை அழைத்தாள். ஊதல் ஓசை, நீர் தெறிக்கும் ஓசை, கூச்சல். அதற்கு மேலே அவன் குரல், மகிழ்ச்சியில் உடைந்து, மூத்தவள் ஜெயித்துவிட்டாள் என்றது. இளையவளைத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள், அவள் செய்தியும் வந்தால் மூத்தவள் இல்லாமற்போவாள் என்று இவள் அலறினாள். அவனுக்குக் கேட்கவில்லை. அடுத்தது சின்னவள்தான், இதோ மேடையில் ஏறிவிட்டாள், வைக்கிறேன் என்றான்.

டிக்.

மூத்தவளின் செய்தி வந்து நின்றது. ஐந்து வரிகள். யாருக்கும் பொருந்தும் ஐந்து வரிகள்.

அவளுக்குக் கோபம் வந்தது. பர்சன்டின் மீது, பணத்தை மிச்சம் பிடித்து மனிதர்களைத் துரத்திய முகமைகளின் மீது, இத்தனை நாள் இதையெல்லாம் வேலை என்று செய்த தன் மீது. என் பெண் எவளைப் போலவும் இல்லை. அந்தச் செய்தியைத் திறந்து, வேறுபடுத்தத் தொடங்கினாள். விரல்கள் பறந்தன.

இந்த மாணவி ஐந்து வயது வரை தண்ணீரைக் கண்டாலே அழுதவள். இடது புருவத்தில் ஊஞ்சல் கிழித்த தழும்பு உள்ளவள். பாலில் ஆடை மிதந்தால் குடிக்கமாட்டாள். பொய் சொல்லும்போது காதைத் தொடுவாள். தங்கை உறங்கும்வரை தான் உறங்கமாட்டாள். கேட்டால் இல்லவே இல்லை என்பாள். படிக்கட்டில் இறங்கும்போது கடைசி இரண்டு படிகளைத் தாண்டித்தான் குதிப்பாள். என்னை அம்மா என்று முதலில் அழைத்தவள் இவள்தான். இவள் வந்த பிறகுதான் நான்

டிக். இளையவளின் செய்தி.

விரல்கள் நிற்கவில்லை. இவள் வந்த பிறகுதான் நான். இவள் வந்த பிறகுதான்.

ஒரு மிடறு.

நின்றன.

சேவையகங்கள் இரைந்தன. ஈரத்துணி வாடை. திரையில் ஏதோ ஒரு பத்தி. அவள் அதை மேலிருந்து கீழாகப் படித்தாள். ஊஞ்சல். பால். தங்கை. யாரோ ஒரு குழந்தையைப் பற்றி யாரோ எழுதியது. இலக்கணமும் இல்லை, செய்தியும் இல்லை. அலுவலகக் கணினியில் கதை எழுதுகிறார்களா? யார் செய்த வேலை? மொட்டையைக் கேட்டாள். அவன் தெரியாது என்று தலையசைத்தான். கோபம் இன்னும் தணியவில்லை. எதற்காகக் கோபம் என்பதுதான் பிடிபடவில்லை. கன்னம் ஈரமாக இருந்தது. துடைத்துக்கொண்டாள். அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்தாள். அழித்தாள்.

வீடு போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கணவன் மேசையில் மூன்று தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தான். மகள் பதக்கத்தைக் கழற்ற மறுத்து, அதைக் கழுத்தில் போட்டபடியே சாப்பிட உட்கார்ந்தாள். அவளை இழுத்து உச்சி முகர்ந்தாள். ஒற்றைப் பிள்ளையாய் வளர்ப்பதால் செல்லம் அதிகம் என்று கணவன் கேலி செய்தான்.

கதவு தட்டப்பட்டது.

வாசலில் ஒரு சிறுமி. தலைமுடியிலிருந்து நீர் சொட்டியது. நெடுந்தூரம் நடந்த கால்கள். ஒரு காலில் செருப்பு இல்லை. கழுத்தில் ஒரு பதக்கம்.

“அப்பா என்னை விட்டுட்டு வந்துட்டாரும்மா. கூப்பிடக் கூப்பிடத் திரும்பவே இல்லை.”

“யாரும்மா நீ? வீடு மாறி வந்துட்டியா?”

சிறுமி சிரித்தாள்.

“விளையாடாதம்மா. குளிருது.”

இவள் சிரிக்கவில்லை. சிறுமியின் பார்வை உள்ளே போயிற்று, தட்டுகளைப் பார்த்தது, மேசையில் இருந்தவளைப் பார்த்தது. அவளும் சிறுமியைப் பார்த்தாள்.

“யாரும்மா அது? எங்க ஸ்கூல் கோட்டு போட்டிருக்கா.”

சிறுமியின் முகத்தில் சிரிப்பு மட்டும் அப்படியே நின்றது. கண்கள் மாறிவிட்டன. கணவன் உள்ளிருந்து யார் என்று கேட்டான்.

“தெரியலைங்க. பாவம், யாரோ.”

கதவைச் சாத்தினாள். அறையவில்லை, மெல்லத்தான் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள்.

உள்ளங்கையால் தட்டும் ஓசை. பிறகு முட்டியால். பிறகு நெற்றியால். கதவின் கீழ்ப்பகுதியில், ஒரு குழந்தையின் உயரத்தில். மூவரும் சாப்பிட்டார்கள். நெடுநேரம் கழித்து ஓசை அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது. அந்தக் கதவு திறந்தது, மூடியது. அதற்கடுத்த கதவு திறந்தது, மூடியது. தெரு முழுவதும் கதவுகள் திறந்தன, மூடின.

அவள் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறாள், வாசகரே. உங்கள் கதவுக்கும் வருவாள். கையில் இருக்கும் ஏட்டைக் கீழே வையுங்கள். எழுந்து போய்த் திறங்கள். யார் வீட்டுப் பெண் என்று கேட்காதீர்கள், பெயரைக் கேளுங்கள். கேட்ட பெயரை, அவள் கண்ணெதிரே, உங்கள் கையால் எழுதுங்கள்.