பத்தேகால் மணி வீடு

மாரிக்கனியின் அம்மா தங்கமாரி, ஊர்க் கடைக்குத் தர வேண்டிய பாக்கி முந்நூற்று எண்பத்து நாலு ரூபாய். அத்தனையும் பேட்டரி செல் வாங்கிய கடன்.

தங்கமாரி பாளையம்பட்டியில் வீடு வீடாகப் போய், பெரியவர்களுக்கு பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கும் சுகாதாரப் பணியாளர். மெஷினைச் சர்க்கார் கொடுத்தது. அதற்கு நாலு செல் போட வேண்டும் என்பதை மறந்துவிட்டது.

"ஒங்கம்மா சர்க்கார் வேலதான பாக்குறாக? அங்க கேக்கச் சொல்லு. பழைய பாக்கி தீந்தாத்தான் புது செல்லு" என்றார் கடைக்காரர் அழகுராஜா.

ஐந்தாம் வகுப்பு மாரிக்கனி வெறுங்கையோடு திரும்பினாள். மொட்டைமாடியில் அம்மா சீனியவரைக்காய் வத்தலுக்குப் பக்கத்தில் பழைய செல்களை, கொஞ்சமாவது உயிர் வரட்டும் என்று வெயிலில் காயப் போட்டிருந்தாள்.

"வத்தலோட சேத்து இதையும் வறுத்துறாதம்மா!"

அம்மா சிரிக்கவில்லை. "திங்கக்கிழம முப்பது வீடு போகணும். மெஷின் ஓடலன்னா என்ன செய்வேன்?"

"டாக்டரம்மாட்ட கேளும்மா."

"கேட்டா, இவ வேணாம்னு வேற ஆளப் போட்டுருவாக."

மறுநாள் சனிக்கிழமை. சுகாதார நிலையத்தில் மாதக் கூட்டம். மாரிக்கனியும் கூடப் போனாள். பஸ்ஸில் அம்மாவோடு சேர்த்து ஒன்பது பணியாளர்கள் இருந்தார்கள். பேச்செல்லாம் செல்தான்.

"நான் டார்ச் லைட்டுல இருந்து உருவிட்டு வந்தேன்" என்றாள் சோலையம்மாள்.

"நான் செவுத்துக் கடிகாரத்துல இருந்து" என்றாள் அடுத்த தெரு ஆவுடைத்தாய். "மூணு நாளா எங்க வீட்டுல மணி பத்தேகால்! எம்மவன் பள்ளிக்கூடம் போக மாட்டேங்குறான். 'லேட்டாயிருச்சு, வாத்தியார் அடிப்பாரு'ங்குறான்!"

பஸ்ஸே சிரித்தது.

கூட்டத்தின் முடிவில் டாக்டர் ஹேமலதா கேட்டார்: "ஏதாவது குறை இருக்கா?"

"ஒண்ணும் இல்ல டாக்டரம்மா!" என்றன ஒன்பது வாயும்.

மாரிக்கனிக்குப் பொறுக்கவில்லை. ஆவுடைத்தாயைப் பார்த்து, "பெரியம்மா, இப்ப ஒங்க வீட்டுல மணி என்ன?" என்றாள்.

ஆவுடைத்தாய் முந்தானையால் வாயைப் பொத்தினாள். பயனில்லை. "பத்தேகால்" என்று சிரிப்போடு வந்துவிட்டது. மற்ற எட்டுப் பேரும் அடக்க மாட்டாமல் சிரித்தார்கள்.

"என்ன சங்கதி? சொன்னா நானும் சிரிப்பேன்ல?" என்றார் டாக்டர்.

மாரிக்கனி அம்மாவின் விரலைப் பிடித்து அழுத்தினாள். அம்மா எழுந்தாள். குரல் முதலில் நடுங்கியது.

"டாக்டரம்மா, எல்லாரும் கைக்காசப் போட்டுத்தான் செல்லு வாங்குறோம்..."

கடைப் பாக்கி, டார்ச் லைட், மொட்டைமாடி என்று ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள். முடிக்கும்போது குரல் நடுங்கவில்லை.

டாக்டர் சிரிக்கவில்லை. "இத ஏன் இத்தன நாளாச் சொல்லல? திங்கக்கிழம செல்லுக்கு நான் பொறுப்பு. செலவான காசுக்குச் சேந்து எழுதிக் குடுங்க, மேல கேட்டு வாங்குவோம்."

அம்மா எழுதினாள். ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். "இனிமே நமக்காகத் தங்கமாரிதான் பேசணும்" என்றாள் சோலையம்மாள்.

திங்களன்று புது செல் வந்தது. பணம் வர ஒரு மாதம் ஆயிற்று. வந்த அன்றே அம்மா முந்நூற்று எண்பத்து நாலு ரூபாயை எண்ணி வைத்தாள். அழகுராஜா நோட்டில் நீளமாக ஒரு கோடு இழுத்தார். பிறகு ஒரு செல்லை மாரிக்கனியிடம் நீட்டினார்.

"மறுபடியும் கடனா மாமா?"

"இல்ல கழுத, சும்மாதான். சர்க்கார் செல்ல எடுத்துக் கடிகாரத்துல போடக் கூடாதுன்னு ஆவுடைத்தாயி அப்படியே விட்டுருக்காளாமே! ஓடிப்போயிக் குடு."

மாரிக்கனி ஓடினாள். அன்றைக்குத்தான் அந்த வீட்டில் மணி பத்து பதினாறு ஆனது.