செத்த ராஜா சிரிக்கவில்லை

ஞாயிறு, மாலை 7.14.

தலைவிரி கோலமாக ஓடி வந்த ராணி வாலாம்பாள் பாடையின் மேல் விழுந்து, "நாதா!" என்று ராஜாவின் மார்பில் அறைந்தாள். பட்டுப் போர்வைக்குள் புகுந்து வெளியே வந்த கை, மணிக்கட்டு வரை சிவப்பாக இருந்தது.

அடுத்து அவள் போட்ட அலறல் நாடகத்தில் இல்லை.

மாட்டுங்கா பள்ளிக்கூட ஹால் மொத்தமும் எழுந்து நின்று கை தட்டியது. "க்யா ஆக்டிங் ஹை யார்!" என்று பின்வரிசையில் ஒருவன் விசிலடித்தான்.

இடது ஓரத் திரை மறைவில் பிராம்ப்டர் நோட்டுடன் உட்கார்ந்திருந்த விஜயலக்ஷ்மி மட்டும் நோட்டைக் கீழே போட்டாள். கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் சித்ரமேடை நாடக சபாவின் பிராம்ப்டர். பதினோரு வருஷமாக வாலாம்பாளுக்கு வரி எடுத்துக் கொடுப்பவள். வாலாம்பாள் எப்படி அழுவாள் என்று அவளுக்குத் தெரியும். இது அழுகையே இல்லை.

"திரையை விடுங்கோ!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

போர்வையை விலக்கினார்கள். ராஜா வேஷத்திலிருந்த சபா செகரட்டரி ஜகந்நாதனின் இடது விலாவுக்குக் கீழே ஓர் உளி மரப்பிடி வரை இறங்கியிருந்தது. ஒட்டு மீசை பிய்ந்து கன்னத்தில் தொங்கியது. யாரோ வாயை அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். பாடை மூங்கில் வழியே ரத்தம் சொட்டுச் சொட்டாகப் பலகையில் விழுந்துகொண்டிருந்தது.

7.35.

சப்-இன்ஸ்பெக்டர் வெயிலுமுத்து வந்தார். தாராவியில் பிறந்து வளர்ந்தவர். காக்கிச் சட்டை போட்டும் திருநெல்வேலிப் பேச்சு போகவில்லை. அவர் வருவதற்குள் கூட்டம் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. கடைசி அங்கத்தில் ராஜாவைக் குத்துகிற சேனாதிபதி உதுமான். உளியும் உதுமானுடையது. நாலு பேர் அவனை மேடையிலிருந்து முன்வாசல் வரை இழுத்துப் போய் உதைத்ததில் கீழுதடு கிழிந்து, பூசியிருந்த அரிதாரத்தின் மேல் ரத்தம் கோடு போட்டிருந்தது. வெயிலுமுத்து அவனுக்கு விலங்கு மாட்டி ஒப்பனை அறைக்குள் தள்ளினார்.

தாராவியில் தகரப் பட்டறை வைத்திருக்கும் உதுமான்தான் சபாவின் கிரீடம், வாள் எல்லாம் செய்பவன்.

"உளி யாரோடதுவே?"

"என்னோடதுதான் சார். கிரீடம் நெளிஞ்சா அங்கனயே தட்டி நிமுத்தணும்லா. பெட்டி இந்த ரூம்லதான் தொறந்து கெடக்கும்."

"குத்துற காட்சி முடிஞ்சு திரை விழுந்தது 7.08. மறுபடி தூக்கினது 7.11. மேடையில விளக்கு அணைஞ்சு கெடந்த அந்த மூணு நிமிசம் எங்கன நின்னீரு?"

"பின்னால குழாயடியில. தண்ணி குடிச்சேன்."

"கூட யாரு?"

"ஒருத்தரும் இல்ல."

"போன வாரம் ஒத்திகையில செகரட்டரி ஒம்ம கன்னத்துல அறைஞ்சாராமே?"

"வசனத்த மாத்திப் பேசினேன், அறைஞ்சாரு. அதுக்காவ மனுசனக் குத்துவாகளா? இன்னைக்கு இடைவேளையில எல்லாருக்கும் முன்னால அவருதான சொன்னாரு, அடுத்த நாடகத்துல நான்தான் ராஜான்னு? யக்கா, நீங்க சொல்லுங்கக்கா!"

விஜயலக்ஷ்மி தலையசைத்தாள். உண்மைதான். ஆனால் அது உளிக்குப் பதில் ஆகாதே.

அப்போது கதவருகே ஒரு கனைப்பு. தோளில் ரெக்ஸின் பை, வெள்ளைச் சட்டை, எண்ணெய் மினுக்கும் முகம். மந்திரி வேஷக்காரர் வேங்கடசுப்ரமணியன். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஹெட் கிளார்க். வீடு ஊருக்கு வெளியே தள்ளி டோம்பிவிலியில். அங்கே குழாயில் எட்டரைக்குத்தான் தண்ணீர் வரும். படுத்த படுக்கையான அம்மாவைத் தவிர வீட்டில் ஆளில்லை. அதனால் எந்த நாடகமானாலும் அவருக்கு முதல் பாதியிலேயே சாகிற வேஷம்தான். செத்ததும் தேங்காயெண்ணெயால் அரிதாரத்தைத் துடைத்துவிட்டு லோக்கல் ரயில் பிடிக்க ஓடுவார். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான்.

"சொல்லாம இருக்க மனசாட்சி இடம் கொடுக்கலை சார்," என்றார். "இடைவேளைக்கப்புறம் கொஞ்சம் தலைசுத்தல், உக்காந்துட்டேன். அப்புறம் செருப்பு மாட்டிண்டு பின்வாசல்ல நிக்கறேன், திரை விழுந்தது. ஜகந்நாதன் வழக்கம்போலச் சிரிச்சார். சரி, நல்லபடியா முடிஞ்சுதுன்னு வெளியில காலை வெக்கறேன், இவன் உளியும் கையுமா மேடைப் பக்கம் போறான். கிரீடம் தட்டத்தான் போறான்னு நெனச்சேன். தெருமுனை வரைக்கும் போனப்புறம் கூச்சல் கேட்டு ஓடி வந்தேன்."

"மாமா!" உதுமான் துடித்தான். "அல்லாவுக்குப் பயந்து பேசுங்க மாமா!"

"செத்தவன் சிரிச்சானா?" வெயிலுமுத்து புருவத்தைத் தூக்கினார்.

வாலாம்பாள் தேம்பிக்கொண்டே விளக்கினாள். மேடையில் பிணமாகக் கிடந்தவன் திரை விழுந்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். தோஷம் கழிய. ஜகந்நாதனின் சிரிப்பு வாசல் வரை கேட்கும். ஜனங்கள் செருப்புத் தேடும்போது அதைக் கேட்டு அவர்களும் சிரிப்பார்கள். ஒத்திகையில் திரை கிடையாது. அதனால் சிரிப்பும் கிடையாது.

"ஆக, திரை விழுந்தப்போ ஆளு உசுரோட இருந்திருக்காரு. அப்புறம் இவன் போயிருக்கான்." வெயிலுமுத்து நோட்டுப் புத்தகத்தை மூடினார்.

கண்ணாடி உடையும் சத்தம். ஜன்னல் வழியே செங்கல் வந்து ஒப்பனை மேஜையில் விழுந்தது. "பாஹர் நிகாலோ சாலே கோ!" உதுமானை வெளியே அனுப்பச் சொல்லி வாசலில் இருநூறு பேர். சிலர் கையில் ஹாக்கி மட்டை.

"எட்டு மணிக்கு வேன் வரும்," என்றார் வெயிலுமுத்து தாழ்ந்த குரலில். "வாசல் வரைக்கும் நான் பொறுப்பு. வாசலுக்கும் வேனுக்கும் நடுவுல இருபது அடி இருக்கு. எங்கிட்ட மூணு கான்ஸ்டபிள்தான் உண்டும்."

உதுமான் விஜயலக்ஷ்மியைப் பார்த்தான்.

7.48.

சாட்சிகளை வைத்துப் பஞ்சநாமா எழுதி முடித்து உளியை உருவியிருந்தார்கள். சுற்றி வைக்க வேறு காகிதம் அகப்படாமல் கான்ஸ்டபிள் பிராம்ப்டர் நோட்டில் இரண்டு தாள் கிழித்து மேஜையில் விரித்திருந்தார். விஜயலக்ஷ்மி குனிந்து பார்த்தாள். இரும்பு கிடந்த இடத்தில் ரத்தம். மரப்பிடி கிடந்த இடத்தில் ரத்தமே இல்லை. ஆனால் அங்கே மேல்தாள் கண்ணாடி மாதிரி ஆகி, அடியிலிருந்த தாளின் எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

மெல்ல நிமிர்ந்தாள்.

"சார், ரெண்டு கேள்வி கேக்கலாமா?"

"கேளுங்கம்மா. பத்து நிமிசம் இருக்கு."

"மாமா, அந்தச் சிரிப்பு எந்தத் திரைக்கு?"

"என்ன கேள்வி விஜி இது? ராஜாவைக் குத்தினதும் திரை விழுந்துதே, அப்போதான்."

"அப்போ அவர் சிரிக்க மாட்டார் மாமா. அடுத்த காட்சியிலயும் அவர் பிணம். பாடையில போய்ப் படுக்கணும். வாலாம்பா அழுது முடிச்சுக் கடைசித் திரை விழணும், அப்பறம்தான் சிரிப்பு. பாதிச் சாவுல சிரிச்சா அபசகுனம்னு அந்த மூணு நிமிஷம் யாரோடயும் வாயைத் திறந்து பேசக்கூட மாட்டார். இந்த சபாவுல இருக்கற எல்லாருக்கும் அது தெரியும். ஒருத்தரைத் தவிர."

எல்லோரும் வேங்கடசுப்ரமணியன் பக்கம் திரும்பினார்கள்.

"பன்னெண்டு வருஷமா நீங்க கடைசித் திரையைப் பாத்ததே இல்லை. திரை விழுந்தா சிரிப்பார்னு நாங்க பேசிக்கறதைக் கேட்டிருக்கேள். அவ்வளவுதான்."

வேங்கடசுப்ரமணியன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "ஹார்மோனியச் சத்தத்துல வேற ஏதோ காதுல விழுந்திருக்கும். அதுக்காக என்னைக் கொலைகாரன்னு சொல்லுவியா?"

"அதுக்காக மட்டும் சொல்ல மாட்டேன். சார், இந்தக் காகிதத்தை விளக்குக்கு நேரே பிடியுங்கோ. பிடி பட்ட இடம் பூரா எண்ணெய். மோந்து பாருங்கோ."

வெயிலுமுத்து முகர்ந்தார். "தேங்காயெண்ணெய்."

"இப்போ உதுமான் கையைப் பாருங்கோ. முழங்கை வரைக்கும் அரிதாரம். அடிபட்டதுல அங்கங்கே உரிஞ்சிருக்கு, ஆனா எங்கேயும் வழியலை. எண்ணெயைத் தொட்டிருந்தா வழிச்சுண்டு வந்திருக்கும். நாடகம் முடியற வரைக்கும் எங்கள்ல யாரும் வேஷம் கலைக்க மாட்டோம். வேஷம் போடாத ஹார்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் அந்த மூணு நிமிஷமும் சபைக்கு முன்னால வாசிச்சுண்டிருந்தா. 7.08-க்குக் கையில எண்ணெயோட இருந்தவர் ஒரே ஒருத்தர்."

வேங்கடசுப்ரமணியனின் உதடுகள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டன. குரல் வந்தபோது, மேடையில் அவரிடம் யாரும் கேட்டிராத குரலாக இருந்தது.

"பன்னெண்டு வருஷம்டீ! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ராஜா வேஷம் குடுன்னு காலைப் பிடிக்காத குறையாக் கேட்டேன். 'நீ சீசன் டிக்கெட் நடிகன், உனக்கு இன்டர்வல் வரைக்கும்தான் உயிர்'னான். இவாள்லாம் சிரிச்சா. நீயும் சிரிச்சே! இன்னைக்கு என் எதிர்லயே தகரம் தட்டறவனுக்குக் கிரீடம் வெக்கறான். கண்ணை மூடிண்டு எவ்வளவு ஒழுங்கா செத்துக் கிடந்தான் தெரியுமா? உளியை வெச்சப்போ கூடக் கண்ணைத் திறக்கலை. யாரோ போர்வையைச் சரி பண்றான்னு நெனச்சுண்டான்!"

சொல்லி முடிப்பதற்குள் மேஜையில் கிடந்த ஜன்னல் கண்ணாடித் துண்டு அவர் கைக்கு வந்துவிட்டது. நேராக விஜயலக்ஷ்மியின் கழுத்துக்குப் பாய்ந்தார்.

வெயிலுமுத்து மேஜைக்கு மறுபக்கம் இருந்தார். விலங்கு மாட்டிய இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு குறுக்கே விழுந்தவன் உதுமான்தான். கண்ணாடி அவன் முழங்கையிலிருந்து கீழே ஒரு சாண் கிழித்துக்கொண்டு போய் விலங்கில் பட்டு நொறுங்கியது. அடுத்த நொடி இரண்டு கான்ஸ்டபிள்கள் வேங்கடசுப்ரமணியனைத் தரையோடு அழுத்தியிருந்தார்கள். ரெக்ஸின் பையிலிருந்து ரத்தம் தோய்ந்த மந்திரி அங்கவஸ்திரம் சுருட்டியபடி வெளியே உருண்டது.

8.02.

வேன் வந்து நின்றது. வெயிலுமுத்து உதுமானின் விலங்கைக் கழற்றினார். வாலாம்பாள் தன் பட்டு மேலாக்கைக் கிழித்து அவன் கையில் கட்டினாள்.

"பின்வாசல் வழியாப் போயிரும்வே," என்றார் வெயிலுமுத்து. "வெளியில நிக்கிறவனுக்கு இன்னும் சங்கதி தெரியாது."

உதுமான் கிழிந்த உதட்டைத் துடைத்துக்கொண்டான். "இழுத்துப் போட்டு மிதிச்சது முன்வாசல்ல சார். போனா அந்த வழியாத்தான் போவேன்."

"அடிச்சா?"

"நீங்க சங்கதியச் சொல்லுங்க. சொன்னப்புறமும் அடிச்சா, யாரு அடிக்கான்னு நானும் பாத்துக்கிடுதேன்."

வெயிலுமுத்து தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போய்க் கதவைத் திறந்தார். உரத்த குரலில் இந்தியில் நாலே வாக்கியம் சொன்னார்.

சேனாதிபதி வேஷத்தோடு உதுமான் படியிறங்கினான். ஒரு பக்கம் விஜயலக்ஷ்மி, மறுபக்கம் கையில் காய்ந்த ரத்தத்தோடு வாலாம்பாள். முன்னால் நின்றவன் ஹாக்கி மட்டையைக் கீழே இறக்கி, ஓரமாக விலகினான். மற்றவர்கள் விலக இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. உதுமான் அவசரப்படவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தான்.