பதினான்காம் அறையின் காலித் தேதி

லிஃப்ட் நான்காம் மாடியில் நின்றபோது மணி இரண்டரை. ஐலா கோர்ப்பெலா பூட்ஸில் ஒட்டியிருந்த பனியை மிதியடியில் தட்டிவிட்டு, மடிக்கணினிப் பையோடும் காப்பி ஃபிளாஸ்கோடும் இறங்கினாள்.

அமெரிக்காவின் வடக்கே டுலூத் நகரத்துக் குன்றின்மேல் இருந்த அந்த மருத்துவமனையின் நோயாளிகள் புதுக் கட்டடத்துக்குப் போய் முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. இந்த மாடியில் மிஞ்சியது ஒரு நீண்ட தாழ்வாரம், இருபுறமும் எண் போட்ட கதவுகள், நடுவே நர்சுகள் உட்கார்ந்திருந்த மரமேசை. வெளியிலிருந்து வரும் புரோகிராமர்களுக்கு அந்த மேசையைத்தான் ஒதுக்கியிருந்தார்கள்.

பினாயில் வாசனை இன்னும் போகவில்லை. அதற்கு அடியில், லேசாக, சூப் வாசனை.

மருத்துவமனையின் நோயாளிப் பதிவேடு அன்று மாலை ஐந்து மணிக்குப் புதிய பதிப்புக்கு மாறுகிறது. அதற்குள், நிரலைப் படித்துப் பிழை சொல்லும் கம்பைலரின் எச்சரிக்கைகளைத் தீர்க்க வேண்டும். மொத்தம் இருநூற்றுப் பதினொன்று, எல்லாவற்றிலும் ஒரே புகார். இந்த விவரம் காலியாக வரக்கூடும், காலியாக வரலாம் என்று நீ அறிவித்து வைக்கவில்லை, இதுவரை பொறுத்துக்கொண்டேன், இனி மாட்டேன். இருநூற்றுப் பத்தை ஐலா வீட்டிலிருந்தே தீர்த்துவிட்டாள். கடைசி ஒன்று மட்டும் இந்த மாடியின் பழைய கணினியில் கம்பைல் செய்தால்தான் வந்தது.

'வெளியேற்றம்' என்ற கோப்பு. 412ஆம் வரி.

அந்தக் கோப்பில் இருந்தது 398 வரிகள்தான்.

அவள் கர்ட்டை ஃபோனில் அழைத்தாள். பதிவேட்டுப் பிரிவின் மேலாளர். புதுக் கட்டடத்தில் இருந்தான்.

"இல்லாத வரியைப் பத்திப் புகார் சொல்லுது, கர்ட்."

"அந்த ஒண்ணா? விலக்குப் பட்டியல்ல சேத்துட்டுக் கீழ வா. வருஷா வருஷம் எல்லாரும் அதத்தான் பண்றாங்க."

"ஏன் வருதுன்னு யாருமே பாக்கலையா?"

"பாத்தவங்கள்லாம் வேற வேலைக்குப் போயிட்டாங்க." சிரித்தான். "பாலே இல்லாம மூணு சர்க்கரைக் கட்டி போட்டுக் காப்பி குடிக்கிற ஆளு நீ. உனக்கு இதெல்லாம் ஒரு பயமா?"

விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டால் அந்த ஒரு வருடத்துக்குக் கம்பைலர் அந்த எச்சரிக்கையைச் சொல்லாது. சேர்ப்பவர் பெயரையும் காரணத்தையும் எழுத வேண்டும் என்பது வழக்கம். ஐலா பட்டியலைத் திறந்தாள்.

காரணம் தெரியவில்லை. விட்டுவிட்டேன். டேல்.

எனக்கும் தெரியவில்லை. ப்ரியான்.

தேதி போட்டுப் பார்த்தேன். மறுநாள் மறுபடி காலி. வெர்ன்.

திரும்பப் போட்டேன். மணி நிற்க மாட்டேன் என்கிறது. வெர்ன்.

இந்த மாடியில் உட்கார்ந்து இதைச் செய்யாதீர்கள். ட்ரிஷ்.

அவள் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பெரிய ஏரி ஈய நிறத்திலிருந்து கருப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. டிசம்பரில் அங்கே நான்கு மணிக்கே வெளிச்சம் தீர்ந்துவிடும்.

நான்கு அடிக்கும்போது பிடி கிடைத்தது. கம்பைல் செய்யும் ஒவ்வொரு முறையும் நிரல் இந்த மாடியின் பழைய அறைப் பட்டியலை எடுத்து, அறைக்கு ஒரு வரியாக, கோப்பின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்தது. 398க்கு அப்புறம் பதினான்காவது வரி. பதினான்காம் அறை.

எட்னா ஹால்வர்சன். சேர்ந்த தேதி, 1987 நவம்பர் 9. வெளியேறிய தேதி, காலி.

ஐலா தலையை நிமிர்த்தினாள். மேசைக்கு நேர் எதிரே இருந்த கதவில் 14 என்று இருந்தது.

லிஃப்ட் திறந்தது. சமையலறை வலைத்தொப்பி போட்ட வயதான பெண் ஒருத்தி கையில் தட்டோடு வந்தாள். தக்காளி சூப், உப்பு பிஸ்கட் இரண்டு, சிவப்பு ஜெல்லி. தட்டைப் பதினான்காம் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூலில் வைத்தாள். சட்டையில் ராபர்ட்டா என்று பெயர் குத்தியிருந்தது.

"இது யாருக்கு?" என்றாள் ஐலா.

"சமையலறை மெஷின்ல சாப்பாட்டு டிக்கெட் அடிச்சு வருது, கண்ணு. டிக்கெட் வந்தா தட்டு போகணும். பதிவேட்டுல ஆள் படுக்கைல இருக்குன்னா எங்களுக்கு ஆள் இருக்கு."

"தட்டு திரும்பி வரும்போது?"

"காலியா வரும்."

"யார் சாப்பிடறாங்க?"

"மாடியில எலின்னு சொல்லிக்கிறோம்." ராபர்ட்டா குரலைத் தாழ்த்தினாள். "எலி ஸ்பூனைத் துடைச்சு நாப்கின்ல சுத்தி வைக்குமா?"

"எட்னாவை உங்களுக்குத் தெரியுமா?"

"நான் சேந்த புதுசு. தட்டு கொண்டுவந்து கொடுப்பேன். மகன் வந்து கூட்டிட்டுப் போவான், அவன் கையெழுத்துப் போடாம நான் நகர மாட்டேம்பா. பிடிவாதம். ஒருநாள் காலைல கட்டில் காலி, போர்வை மடிச்சிருக்கு. வெளில ராத்திரி பூரா பனி, ஒரு கால் தடம் இல்ல. செத்துட்டாள்னு எழுத உடம்பு இல்ல. போயிட்டாள்னு எழுத மகன் கையெழுத்து இல்ல. டாக்டர் அந்த இடத்தைக் காலியா விட்டாரு. அந்த மகன் வரவே இல்ல."

லிஃப்ட் அவளை எடுத்துக்கொண்டு இறங்கியது. தாழ்வாரம் மறுபடி தனியானது.

ஐந்து மணிக்கு என்ன நடக்கும் என்று ஐலாவுக்கு இப்போது புரிந்தது. காலியாக இருக்கலாம் என்று அறிவிக்காத இடத்தில் புதிய பதிப்பு அன்றைய தேதியைத் தானே நிரப்பிவிடும். விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டு இறங்கினால், எட்னா ஹால்வர்சன் இன்று மாலை ஐந்து மணிக்கு வெளியேறினாள் என்று ஆகிவிடும். பார்த்தவர் யாரும் இல்லாமல்.

நர்சை அழைக்கும் மணி அடித்தது.

ஒரே ஒரு தடவை. மெலிதாக.

பதினான்காம் கதவுக்கு மேலே சின்ன விளக்கு எரிந்தது. கூரைப்பலகை பெயர்ந்திருந்த இடத்தில் அதன் கம்பிகள் தெரிந்தன. எப்போதோ வெட்டி, நுனியில் டேப் சுற்றியிருந்தார்கள்.

மணி மறுபடி அடித்தது.

ஸ்டூலின்மேல் சூப் கிண்ணம் காலியாக இருந்தது.

ஐலாவின் கை பையின் வாரைப் பிடித்திருந்தது. அதை அவள் பார்த்தாள். வாரை விட்டாள். மேசையில் மஞ்சளேறிப்போன ஒரு ஸ்டிக்கர்: அழைப்பை அணைக்க நோயாளியின் கட்டிலருகே செல்லவும்.

"ஓடிடுவேன்னு நெனச்சியா," என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள்.

அறையில் கட்டில் இல்லை. தரையில் நான்கு கால்கள் அழுத்திய நான்கு குழிகள் மட்டும். மூச்சு வெளியே வரும்போது வெள்ளையாகத் தெரிந்தது. சுவரில் எங்கும் தூசி. அழைப்புப் பொத்தான் மட்டும் துடைத்தாற்போல் பளபளத்தது.

அவள் மூச்சை அடக்கினாள். அறையில் மூச்சு நிற்கவில்லை.

"உன்ன வெளிய தள்ள நான் வரல," என்றாள் மெதுவாக. "தேதியும் போட மாட்டேன். ஆனா என்னை மிரட்டி விரட்டலாம்னு மட்டும் பாக்காத. எனக்கு இங்க வேலை இருக்கு."

பொத்தானை அழுத்தினாள். யாரோ இப்போதுதான் விரலை எடுத்ததுபோல் சூடாக இருந்தது.

விளக்கு அணைந்தது.

மேசைக்கு வந்து தேதியின் வகைக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டாள். இது காலியாகவும் இருக்கலாம் என்று சொல்ல நிரலுக்கு அது போதும். கர்ட் அதைத் தன் திரையில் பார்த்துவிட்டு உடனே அழைத்தான்.

"என்ன பண்ற? இன்னிக்குத் தேதியைப் போட்டு முடி. முப்பத்தேழு வருஷமா ஒருத்தி படுக்கைல இருக்கான்னு பதிவேடு சொன்னா நம்மளப் பாத்து சிரிப்பாங்க."

"இன்னிக்குப் போனாளா? நீ பாத்தியா?"

"ஐலா."

"எப்ப போனான்னு தெரியாது. தெரியாதுன்னுதான் இருக்கும். பிடிக்கலைன்னா நாளைலேருந்து வேற ஆளப் பாத்துக்க. இன்னிக்கு இந்த மேசை என்னோடது."

  ஏரிக்காற்று கண்ணாடியை உரசியது.

"கம்பைல் பண்ணு," என்றான் கடைசியில்.

எச்சரிக்கைகள்: 0.

விலக்குப் பட்டியலிலிருந்து டேல் முதல் ட்ரிஷ் வரை எல்லாவற்றையும் அழித்தாள். ஐந்து மணிக்குப் பதிவேடு மாறியது. எட்னா ஹால்வர்சனின் தேதி காலியாகவே இருந்தது.

ஐந்தேகாலுக்கு லிஃப்ட் மறுபடி திறந்தது. ராபர்ட்டாவின் தட்டில் ஆவி பறந்தது. அவள் முகம் வெளுத்திருந்தது.

"நீயா ஆர்டர் போட்ட?"

"நான் ஒண்ணும் போடலையே."

ராபர்ட்டா டிக்கெட்டை நீட்டினாள். "இத்தனை வருஷத்துல சூப்பைத் தவிர எதுவும் அடிச்சதில்ல."

அறை 14. காப்பி, இரண்டு கோப்பை. ஒன்று பாலில்லாமல், மூன்று சர்க்கரைக் கட்டி.

ராபர்ட்டா தட்டை மேசையில் வைத்துவிட்டு லிஃப்ட் கதவு மூடும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

ஐலா மற்றக் கோப்பையை எடுத்துப்போய் ஸ்டூலில் வைத்தாள். திரும்பி வந்து, கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, தன் கோப்பையில் ஸ்பூனை விட்டுக் கலக்கினாள்.

நிறுத்தினாள்.

பின்னால் கலக்குகிற சத்தம் நிற்கவில்லை.

அவள் மூன்றாவது கட்டி கரைவதற்காக மறுபடி கலக்க ஆரம்பித்தாள்.