கடைசி நாடா

திரும்பிப் பார்த்தபோது மரத்தில் சிவப்பு நாடாவைக் காணவில்லை.

சற்று முன்புதான் கட்டினாள். சாய்ந்த மரம், கண்ணுயரக் கிளை, இழுத்து இறுக்கிய இரட்டை முடிச்சு. மூடுபனி இறங்குவதற்குள் கூடாரம் போட வேண்டுமே என்ற அவசரத்திலும் முடிச்சில் மட்டும் அவள் அவசரம் காட்டியதில்லை. தடமே இல்லாத இந்த மேட்டுக் காட்டிலிருந்து நாளை திரும்ப அவளுக்கு இருந்த ஒரே வழி அந்த நாடாக்கள்தான். ஈரத்தில் நழுவியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இந்த நாடா எந்த மழையிலும் நழுவாது என்று சத்தியம் செய்து விற்பவளும் அவள்தான்.

மலையேற்றச் சாமான் கடை அவளும் கணவரும் சேர்ந்து வைத்தது. நனைந்தால் உலராத பருத்திச் சட்டையோடு மலைக்குக் கிளம்புகிறவர்களைக் கண்டால் இருவருக்கும் பற்றிக்கொண்டு வரும். காட்டில் அவர்களுக்கென்று ஒரு முறை இருந்தது. போகும்போது அவள் முன்னால் நாடா கட்டிக்கொண்டே போவாள். திரும்பும்போது பின்னால் வரும் அவர், காட்டில் குப்பை மிஞ்சக் கூடாதென்று, ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பையில் போட்டுக்கொள்வார். பனியில் அடையாளம் தெரிய அவள் மணிக்கட்டிலும் ஒன்று இருக்கும். நடை முடிந்ததும் அந்தக் கடைசி நாடாவையும் அவர்தான் அவிழ்ப்பார். "வந்து சேர்ந்தாச்சு" என்பார்.

போன மழைக்காலத்தில், இதே மேட்டிலிருந்து இறங்கும்போது, அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் இல்லை. தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். ராத்திரியில் ஒரே ஒரு தட்டைக் கழுவி வைப்பது அவளுக்கு இன்னும் பழகவில்லை.

காலையில், காட்டின் விளிம்பில் நின்றபோது, மகள் போனில் அழுதாள்.

"அங்க போய் என்னம்மா பண்ணப் போற?"

"அப்பா இருந்த எடத்துல ஒரு ராத்திரி இருந்துட்டு வந்துடறேன்டி. வேற ஒண்ணுமில்ல."

"எனக்கு இருக்கறது நீ ஒருத்திதாம்மா. நாளைக்கு சாயங்காலம் வந்துடணும்."

"வந்துடுவேன். நாடா கட்டிக்கிட்டேதான் போறேன்."

அவள் வந்த வழியே கொஞ்சம் இறங்கிப் பார்த்தாள். அதற்கு முந்தைய மரமும் மொட்டையாக நின்றது. நனைந்த பட்டையில், நாடா சுற்றியிருந்த இடம் மட்டும் இன்னும் உலர்ந்திருந்தது. அழுகிய இலை வாசனைக்கு நடுவே முட்டிவலித் தைலத்தின் வாடை வந்தது. அவர் நடைக்கு முன் தேய்த்துக்கொள்ளும் தைலம்.

பனியில் ஒருவரையொருவர் தவறவிட்டால் முன்னால் போகிறவர் ஒரு முறை விசில் ஊத வேண்டும். பின்னால் வருகிறவர் ஒரு முறை பதில் ஊத வேண்டும். கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதிவிட்டாள். பழக்க தோஷம். ஊதிய பிறகுதான் யாரைக் கூப்பிட்டோம் என்று உறைத்தது.

கீழிருந்து பதில் வந்தது. ஒரே ஒரு விசில். பக்கத்தில்தான்.

ஓடவில்லை. வழி தெரியாவிட்டால் இருக்கிற இடத்தில் இரு என்பது அவள் எல்லோருக்கும் சொல்வது. கூடாரத்தைப் போட்டு, வாசலுக்கு எதிர்மரத்தில் ஒரு நாடா கட்டி, உள்ளே உட்கார்ந்து வலை வழியே அதையே பார்த்திருந்தாள். பயத்துக்கு அடியில் ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது. அதை நினைத்துத்தான் இன்னும் பயந்தாள். இருட்டத் தொடங்கியது. பனி ஒரு முறை புரண்டது.

பனி விலகியபோது நாடா இல்லை.

ஜிப்பை மூடினாள். டார்ச்சைப் போட்டாள்.

காலடிச் சத்தம் இல்லை. காற்றும் இல்லை. ஆனால் தைல வாடை இருந்தது. உள்ளே.

வெளியே இனி அவிழ்க்க எதுவும் மிச்சமில்லை. அப்போதுதான் தன் மணிக்கட்டு நாடாவைப் பார்த்தாள். காலையில் பல்லால் கடித்து இழுத்துக் கட்டிய முடிச்சு.

"இப்ப வேணாங்க," என்றாள். "புள்ள காத்துக்கிட்டிருக்கா. இப்ப வேணாம்."

முடிச்சின் மேல் சுற்று தளர்ந்தது. தானாக.

சட்டென்று இன்னொரு கையால் பொத்தினாள்.

அவள் உள்ளங்கைக்கு அடியில் ஏற்கெனவே விரல்கள் இருந்தன. ஈரமாக. சில்லென்று. அவை அவசரப்படவே இல்லை.